நாற்காலியின் முகம்

1

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்த கதை இது. பழைய வீடு ஒன்றை அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். மாடி அறையில், ஜன்னலோரம், சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால் இரண்டு தேக்கு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. உட்காரக் கூடாது என்று எழுதியிருந்தது. எனக்கோ கால் வலி. உட்கார முடியாத நாற்காலியைப் பற்றி எழுதியாவது பார்ப்போமே என்று வீட்டுக்கு வந்தேன். நாற்காலிகள் நிஜம். மற்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காலம் அந்த அறையில் மூச்சை அடக்கிக்கொண்டு’ – வேண்டாம். காலத்துக்கு மூச்சு ஏது? அடித்துவிட்டேன்.)

2

அந்த அறையைச் சுற்றிக்காட்டும் பெண்ணை எல்லோரும் கைடம்மா என்பார்கள். காலையில் கயிற்றை அவிழ்த்து, நாற்காலிகளை நகர்த்தி, தரையைத் துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைப்பதும் அவள் வேலைதான். இடம் தப்பவே தப்பாது. பலகைத் தரையில் நாற்காலிக் கால்கள் அழுத்திய குழிகள் உண்டு, ஒன்றுக்கு நாலு. வீட்டைப் புதுப்பித்தவர்களும் குழியைப் பார்த்துத்தான் நாற்காலி போட்டார்கள்.

“இந்த வீட்டு அய்யாவும் அம்மாவும் சாயங்காலமானா இங்கதான் எதிரெதிரா உட்காருவாங்க. எவ்வளவு சண்டைன்னாலும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்த்தாகணும்” என்பாள் வருகிறவர்களிடம். அப்படித்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். கல்யாணம் நிச்சயமானவர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

(இவளிடம் எனக்கொரு சந்தேகம். கதை பொய்யானால் இவளுக்கு என்ன போகும்? ஒரு கோபக்காரப் புருஷனைக் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவனை அனுப்பிவிட்டு ஒரு மகளைக் கொடுத்தேன்.)

3

மகள் தன் புருஷனோடு பேச்சு முறிந்து தாய்வீட்டுக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. கைடம்மா தனக்குத் தெரிந்த ஒரே மருந்தைக் கொடுத்தாள். “போய் அவர் எதிர்ல உட்காருடி. எல்லாம் சரியாப் போயிடும். அந்த அய்யாவும் அம்மாவும் இருக்கலயா?” அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது மகள் நகரமாட்டாளா?

“சரிம்மா, போறேன். மத்தியானம் போற வழியில அந்த நாற்காலிய ஒரு தடவ பார்த்துட்டுப் போறேன்” என்றாள் இன்று காலை.

4

மகள் வருவதற்கு முன்னால், காலையிலேயே, வேறொருத்தி வந்தாள். வயதானவள், கையில் ஊன்றுகோல். கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெகுநேரம் நின்றாள்.

“இடம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. முகம்தான் தப்பு.”

“புரியலைங்கம்மா.”

“நான் இந்த வீட்டுப் பொண்ணு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சே கிடையாது. அவர் அந்தச் சுவரப் பார்த்து உட்காருவார், அம்மா இந்தச் சுவர. முதுகுக்கு முதுகு.”

கைடம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும். சாகறப்ப அம்மா சொன்னது ஒண்ணுதான். நான் அன்னிக்கே எழுந்து போயிருக்கணும்னு.”

குழியைப் பார்த்தால் கால் இருந்த இடம் தெரியும். முகம் எந்தப் பக்கம் என்று தெரியாது. இத்தனை வருஷம் குனிந்து துடைத்தவளுக்கு அது இப்போதுதான் உறைத்தது.

(முன்பக்கம் அகன்ற நாற்காலியாக இருந்தால் குழியே காட்டிக்கொடுத்திருக்கும். நான் பார்த்தது சதுரம்தானா? அன்று நல்ல மழை, விடுங்கள்.)

5

ஒரு முடிவு எழுதினேன். கைடம்மா வாயே திறக்கவில்லை. மகள் நாற்காலியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். எழுதியபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொன்று எழுதினேன். கைடம்மா மகள் கையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி, “நீ போகவே வேண்டாம்டி” என்று அவளைக் கட்டிக்கொண்டு – இதையும் பாதியில் நிறுத்தினேன். இரண்டு முடிவிலும் மகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

6

மத்தியானம். கைடம்மா ஒரு நாற்காலியைத் தூக்கிவிட்டாள். மாடிப்படியில் பெட்டி இடிபடும் சத்தம். மகள் வந்து நின்றாள்.

“என்னம்மா தூக்கிக்கிட்டு நிக்கிற? எந்தப் பக்கம் போடணும்னு மறந்துட்டியா?”

“மறக்கலடி. இவ்வளவு நாளா தப்பாப் போட்டிருக்கேன்.”

காலையில் கேட்டதைக் கேட்டபடி சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையையும் விடவில்லை.

மகள் தரையிலிருந்த குழிகளைப் பார்த்தாள். “அப்ப நான் போகட்டுமா, வேண்டாமா?”

“நான் சொல்லிச் சொல்லித்தான் இந்தக் கதி. உனக்கு எப்படி இருக்கு? அத நான் ஒரு நாளும் கேக்கலயே.”

மகள் பெட்டியைக் கீழே வைத்தாள். கை மாற்றிக்கொள்ளவா, தங்கிவிடவா, எனக்குத் தெரியாது. நாற்காலி இன்னும் கைடம்மாவின் கையில்தான் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு பதில் நுனிநாக்கில் நிற்கும். எனக்கும் நிற்கிறது. நாம் இரண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்போம். அவள் சொல்லட்டும்.