கொட்டகைக்காரன்

அன்று மேரியில் இருந்தவர்கள்: சுகாதார இன்ஸ்பெக்டர் ராஜமாணிக்கம், பள்ளிவாசல் ஜமாத் சார்பில் மதார் சாகிப், கருக்களாச்சேரி மீனவர் பஞ்சாயத்திலிருந்து கோவிந்தராசு, மருத்துவச்சி ஆஸியா பீவி, கதவோரம் நின்றபடி நான். பிரெஞ்சுக்காரன் போய் இரண்டு வருடமாகியும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தை மேரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். நான் கலியபெருமாள், காலராக் கொட்டகைக் காவலாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு இரவுக் காவலுக்குச் சேர்ந்தவன். ஆறு வருடத்தில் நாற்பத்தொரு பேரைக் கொட்டகைக்குத் தூக்கி வந்திருக்கிறேன். குப்பத்தில் நான் ஒருவரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியதுமே பின்னால் வாசலில் மண்குடத்தைப் போட்டு உடைத்துவிடுவார்கள். அவர்கள் கணக்கில் கொட்டகைக்குப் போனவன் செத்தவன்தான். பிழைத்துத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களும் என்னைத் தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

“வாந்திபேதி வந்த பெறகு தூக்கிட்டு ஓடுற வேலை இனிமே வேணாங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “மழைக்கு முந்தியே எல்லாருக்கும் ஊசி போட்டுடணும். நான் தனியா வந்தா ஒரு கதவும் தொறக்காது. நீங்க எல்லாரும் கூட வரணும். மொதல்ல, எந்தக் கெணறு கெட்டுக் கெடக்கு, சொல்லுங்க.”

“எங்க தெருத் தண்ணி பன்னீருங்க. வேணும்னா குப்பத்துல பாருங்க,” என்றார் மதார் சாகிப்.

“அந்தத் தண்ணியக் குடிச்சுட்டுத்தான் பாய் நாங்க கடலுக்குப் போறோம். ஒங்க ஆளுவ கடைத்தெருவுக்கே வண்டி கேக்குறாங்க!” என்றார் கோவிந்தராசு.

ஆஸியா பீவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

எனக்குத் தெரியும். யாரை எந்த வீட்டிலிருந்து தூக்கினேன், அந்த வீட்டில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதெல்லாம் மனப்பாடம். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நோய் நின்றால் கொட்டகையை மூடுவார்கள். கொட்டகையின் பின்னறையில்தான் படுக்கிறேன், வேறு இடம் கிடையாது. இதையெல்லாம் நினைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

“சவுக்குத்தோப்புக் கெணறுங்க. நான் தூக்குனதுல முப்பத்திநாலு பேரு அந்தத் தண்ணி குடிச்சவங்க. ரெண்டு தெருவுக்கும் அதான்.”

மதார் சாகிப் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் சொல்லிவிடுவதாக ஒப்புக்கொண்டார். கோவிந்தராசு குப்பத்தில் தமுக்கு அடித்துவிடுவதாகச் சொன்னார். அந்தக் கிணற்றை மூடுவது என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தார்கள்.

“ஆனா இந்தாளு மட்டும் ஊருக்குள்ள வரப்படாதுங்க,” என்றார் கோவிந்தராசு. “இவனப் பாத்தா எங்க பொம்பளைங்க ஊசிக்குக் கைய நீட்ட மாட்டாங்க, கொடத்தத் தூக்கிடுவாங்க.”

“எங்க தெருவுலயும் வேணாம். இவன் எதுக்க வந்தாலே நம்மாளு சாவு வந்துட்டாப்ல கலிமா சொல்ல ஆரம்பிச்சுடுறான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஊசி போட்ட மூன்று நாளும் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். தமுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாம் நாள் பிற்பகல் ஆஸியா பீவி ஊசிப் பெட்டியோடு மணலில் கால் புதைய நடந்து வந்தார்.

“ஒன் பேரு எந்தத் தெருக் கணக்குலயும் இல்லப்பா. கைய நீட்டு.”

என் தோளைப் பிடித்து அழுத்தித் துடைத்தார். யாராவது என்னைத் தொட்டு எத்தனை வருடமிருக்கும் என்று யோசித்தேன்.

“வலிக்குதா?”

“இல்லக்கா.”

“பின்ன ஏன் மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிறே?”

அவர் பஞ்சைத் தோளில் வைத்து, என் விரலை எடுத்து அதன்மேல் அழுத்திவிட்டுப் போனார்.

ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. கொட்டகைக்கு ஒருவர்கூட வரவில்லை. கயிற்றுக் கட்டில்களில் பூசணம் பிடித்தது. தை பிறந்ததும் இன்ஸ்பெக்டர் புதுப் பூட்டோடு வந்தார். இனி அது பிளீச்சிங் பவுடர் வைக்கிற கிடங்கு.

“நல்ல காரியம் பண்ணுன கலியபெருமாளு. ஒனக்கு வேற வேலை கேட்டு எழுதியிருக்கேன்.”

“சரிங்க.”

அதுவரை எந்தத் தெருவில் எனக்கு வீடு கொடுப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாயைச் சுருட்டி, தண்ணீர்க்குடத்தையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இரு தெருக்களும் பிரிகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். பூட்டைப் போட்டு இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.