எலிகளுக்கு மட்டும்

அந்த மருத்துவமனை நூலகத்து எலிகளுக்கு வயதாவது நின்றுபோனது, ஏசி மெஷின் பழுதாகிக் கிடந்த கோடையில். ஏசியைப் பற்றிப் புகார் மேல் புகார் போனது. எலிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும். நூலக வாசலில் ஒரு செய்திப் பலகை இருந்தது. எல்லோரும் லைப்ரரியம்மா என்று கூப்பிட்ட நூலகர், மாதாமாதம் மருத்துவ இதழ்களையெல்லாம் அலசி, புதிய ஆராய்ச்சிகளின் சாரத்தை நாலு வரியில் டைப் செய்து அதில் குத்திவைப்பாள். குத்திவைத்த நிமிடத்திலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் அது அப்படியே பலிக்கும். ஆனால் யாரை வைத்துச் சோதித்ததாக அதில் எழுதியிருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் பலிக்கும். அந்த விஷயத்தில் பலகை படு கறார். இரவுப் பணி நர்சுகள் சற்றே கண்ணயர்ந்தால் தவறுகள் குறையும் என்று போட்டாள், குறைந்தது. பகல் பணி நர்சுகளும் ஆசையாகத் தூங்கிப் பார்த்தார்கள், திட்டுதான் கிடைத்தது. காபி இதயத்துக்கு நல்லது என்றும் கெட்டது என்றும் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் பக்கத்துப் பக்கத்தில் ஏறிவிட, எக்ஸ்ரே எடுப்பவரின் நாடி ஒரு மடக்குக்கு ஏறி மறு மடக்குக்கு இறங்கியது. அவரே வந்து ஒன்றைப் பிடுங்கிப்போட்டுவிட்டு மீதிக் காபியைக் குடித்தார்.

உலகத்தில் முக்கால்வாசி ஆராய்ச்சி எலிகளை வைத்துத்தான் நடக்கிறது. ஆகவே அதிர்ஷ்டமெல்லாம் எலிகளுக்கே அடித்தது. வழுக்கை விழுந்தவற்றுக்கு முடி முளைத்தது, தொந்தி கரைந்தது, கண்புரை விலகியது, கடைசியில் முதுமையும் விட்டுப்போனது. பூனை இல்லாத வீட்டில் எலிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே பூனை இருந்தது. அது கேன்டீன் படியில் உட்கார்ந்து வேறு வேலை தேடிக்கொண்டிருந்தது. மனிதர்கள் ஏக்கத்தோடு பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். புதன்கிழமை மதியங்களில் நூலகத்தில் ஆய்வு வாசிப்புக் கூட்டம் நடக்கும். பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வருவார்கள். எந்த டாக்டராவது ஒரு புது மருந்தைப் பற்றிக் குதித்துக்கொண்டு பேச ஆரம்பித்தால், “எதுல சோதிச்சது?” என்று லைப்ரரியம்மா கேட்பாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்.

இப்படிக் கறாராக இருந்தவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். கணவன் போன பிறகு தங்கையோடு வந்து தங்கியவள், கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் மறந்துகொண்டே வந்தாள். முதலில் அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு தெருவை, பிறகு மகனை, ஒரு நாள் காலையில் தங்கையையும். வீட்டில் தனியாக விட முடியாமல் லைப்ரரியம்மா அவளைத் தினமும் நூலகத்துக்கே கூட்டிவந்தாள். அந்த மருத்துவமனையோ, புதிது புதிதாகக் கட்டடம் சேர்த்து ஒட்டியதில், பழைய டாக்டர்களே வழி கேட்டு நடக்கும் இடம். அக்கா இரண்டு முறை தொலைந்தாள். இரண்டாம் முறை அவளைப் பிணவறைப் பக்கம் கண்டுபிடித்தார்கள். வெளியூரில் இருந்த மகன் போனில் சொல்லிவிட்டான்: “சித்தி, உங்க மேல எனக்குக் கோபமில்ல. ஆனா இன்னொரு தடவை அம்மா தொலைஞ்சாங்கன்னா, காப்பகத்துல சேத்துடுவேன்.” அவன் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் அவளை அழவைத்தது. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் படுத்து வளர்ந்தவர்கள். அக்கா இல்லாத வீட்டுக்குச் சாவி எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த மாதம் ஓர் இதழில் ஒரு செய்தி வந்தது. தினமும் கொஞ்ச நேரம் மெதுவாக ஆட்டப்பட்ட எலிகளுக்கு இழந்த நினைவு திரும்பியதாம். லைப்ரரியம்மா கட்டுரையை இரண்டு முறை படித்தாள், கதவைச் சாத்தினாள், ‘மெதுவாக ஆட்டினால் நினைவு திரும்பும்’ என்று டைப் செய்தாள். எலி என்ற சொல்லைப் போடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு பலகையில் குத்தினாள். ஜன்னலோரம் ஓர் ஆடும் நாற்காலி இருந்தது. அக்காவை அதில் உட்காரவைத்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டத் தொடங்கினாள்.

நினைவு திரும்பியது. ஆனால் பெயர்கள் திரும்பவில்லை, கல்யாணம் திரும்பவில்லை, மகன் முகமும் திரும்பவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் அந்த எலிகளிடம் பெயரா கேட்டார்கள்? குறுக்கும் நெடுக்குமாகச் சந்துகள் வைத்த பெட்டிக்குள் ஓர் எலியை விட்டு, கூடப்பிறந்த எலி இருக்கும் மூலைக்கு அது போய்ச்சேர்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தார்கள். எனவே அக்காவுக்கும் அது மட்டும் வந்தது. தங்கை கணக்குப் பிரிவில் இருந்தாலும், மாடியில் இருந்தாலும், பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். சில சமயம் கதவு வழியாக வந்தாள். சில சமயம் கதவே இல்லாத பக்கத்திலிருந்து, தலையில் ஒட்டடையோடு வந்தாள். பல் டாக்டர் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டார்.

மகன் நேரில் பார்க்க வருவதாகச் சொன்ன நாள் ஒரு புதன்கிழமை. அன்று கூட்டத்துக்கு முன்னால், மூளை நரம்பு டாக்டர் பலகையருகே நின்று நிதானமாகப் படித்துவிட்டுத் திரும்பினார். “எதுல சோதிச்சதுன்னு போடலையேம்மா?” கேலிதான், ஆனால் லைப்ரரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மேல்தளத்து நோயாளிகள் சிலர் மாத்திரையை நிறுத்திவிட்டு நாற்காலிகளில் ஆடிக்கொண்டிருப்பதாகவும் அவர் சொன்னார். அவள் பேனாவை எடுத்தாள். செய்திக்குக் கீழே ‘எலிகளுக்கு மட்டும்’ என்று தெளிவாக எழுதினாள். எழுதி முடித்ததும் மேல்தளத்து நாற்காலிகள் சும்மா நாற்காலிகள் ஆயின.

மதியம் மகன் வந்தான். ஆடும் நாற்காலியில் இருந்த அம்மாவிடம் அவன் பேசிப் பார்த்தான். அவள் அவனை விருந்தாளி போல உபசரித்தாள். “தானா வழி கண்டுபிடிச்சு வர்றாங்கன்னு சொன்னீங்களே சித்தி, பாத்துடலாமா?” என்றான். பலகையைத் திருத்திவிட்டேன், இனி வரமாட்டாள் என்று சொல்ல லைப்ரரியம்மாவுக்கு வாய் வரவில்லை. அவன் அம்மாவைக் கூட்டிப்போய் முன்வாசலில் வாட்ச்மேன் பக்கத்தில் விட்டுவிட்டு, தனியாகத் திரும்பி வந்தான். வரும் வழியில் அவனே இரண்டு இடத்தில் வழி கேட்க வேண்டியிருந்தது.

லைப்ரரியம்மா புத்தகங்களை அடுக்குவதாகப் பேர் பண்ணினாள். தலைகீழாக அடுக்கினாள். முன்வாசலிலிருந்து போன் வந்தது. பேச்சு சுவாரசியத்தில் சற்றுக் கண்ணை எடுத்துவிட்டதாகவும் அந்தம்மாவைக் காணவில்லை என்றும் வாட்ச்மேன் சொன்னார். மகன் பெருமூச்சு விட்டுப் பையை எடுத்தான். அப்போது குழந்தை மருத்துவ அலமாரிக்குப் பின்னாலிருந்து, வெறும் சுவராக இருந்த இடத்திலிருந்து, அக்கா வெளியே வந்தாள். முடியெல்லாம் சலவைக்கூடத்துப் பஞ்சு. மகனைத் தாண்டி நேரே நடந்து தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கேயெல்லாம் தேடறது உன்ன?” என்று கடிந்துகொண்டாள். பிறகு முகத்தை உற்றுப் பார்த்து, “ஆமா, நீ யாரும்மா?” என்றாள்.

“உன் தங்கச்சிக்கா.”

“அப்படியா? சரி, தள்ளி உக்காரு.”

மகன் பையைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் தலையிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினான். பலகை திருத்தப்பட்டது மருத்துவமனையில் அனைவருக்கும் தெரிந்திருந்தது. அக்கா படிப்பதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டதால் அவளுக்குத் தெரியவில்லை. அதன் பிறகும் யாரும் அவளிடம் சொல்லவில்லை.