ஐந்தாவது வட்டம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை, ஒட்டுக்கேட்டேன். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாகலூரிலிருந்து ஓசூர் வரும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தாள். "அறுவத்தொரு கேள்விக்குத் தெரியலன்னு போட்டன்டி," என்றாள். மறுமுனையில் சிரித்திருக்க வேண்டும். இவள் சிரிக்கவில்லை. "தெரியலன்னா தெரியலன்னுதான போடணும்?" என்று கேட்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டாள். பெயர் தெரியாது, ரூபா என்று வைத்துக்கொண்டேன். இரண்டு வாக்கியம் அவளுடையது, மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

குரூப் 4 தேர்வு எழுதாதவர்களுக்காக ஒரு விளக்கம். [அப்படி ஒருவர் இந்த மாவட்டத்தில் இருந்தால்.] இருநூறு கேள்விகள், கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டங்கள். நான்கு வட்டம் நான்கு விடைகளுக்கு. ஐந்தாவது வட்டத்துக்கு 'விடை தெரியவில்லை' என்று பொருள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறையாது. ஆகவே தெரியாத கேள்விக்கும் நான்கில் ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு வருவதுதான் எல்லோருக்கும் வழக்கம். ரூபா மட்டும் ஐந்தாவது வட்டத்தை அறுபத்தொரு முறை நிரப்பினாள்.

2

தொடக்கம் ஒன்று: தேர்வு முடிவு வந்த அன்று ரூபா சாப்பிடவில்லை. அவள் கண்கள்—

(வேண்டாம். தோற்றவர்கள் எல்லோரும் கதைகளில் பட்டினி கிடக்கிறார்கள். முதல் ஷிப்டில் வேலை பார்த்தவளுக்குப் பசிக்கும். ரூபா கேண்டீனில் சாம்பார் சாதம் முழுத்தட்டு சாப்பிட்டாள், மோரும் வாங்கிக் குடித்தாள்.)

தொடக்கம் இரண்டு: எல்லையோரத் தொழில் நகரமான ஓசூரில், மூன்று மொழிகள் கலந்து ஒலிக்கும்—

(இது கட்டுரைப் போட்டிக்கு அனுப்ப வேண்டியது.)

தொடக்கம் மூன்று: அவள் மேசையில் மூன்று டிரே இருக்கும். பச்சை, சிவப்பு, மஞ்சள்.

இது நிற்கட்டும்.

3

ரூபாவின் வேலை பிரேக்குக்குள் போகிற சின்ன பிஸ்டனை வண்டி ஏறும் முன் கடைசியாகப் பார்ப்பது. அளவுக் கருவிக்குள் சரியாகப் போனால் பச்சை டிரே. போகாவிட்டால் சிவப்பு. போகிறது, ஆனால் இறுக்கமாகப் போகிறது, அல்லது மேலே ஒரு கீறல், அல்லது கைக்கு என்னமோ போல் இருக்கிறது என்றால் மஞ்சள். மஞ்சளில் விழுந்ததை மாடி அறையில் மெஷின் வைத்து அளப்பார்கள். மேசைக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் தொங்கும்: 'சந்தேகம் என்றால் மஞ்சள்.' மூன்று வருடமாக அவள் தலை நிமிர்ந்தால் கண்ணில் படுகிற ஒரே வாசகம் அது.

தேர்வு அறையிலும் விடைத்தாளுடன் ஒரு குறிப்பு இருந்தது. தெரியாவிட்டால் ஐந்தாவது வட்டத்தை நிரப்பவும் என்று. ரூபா அதைப் படித்தாள், படித்தபடி செய்தாள். அவ்வளவுதான் நடந்தது. அவள் விடை சொன்ன நூற்று முப்பத்தொன்பதில் தப்பு வெறும் பன்னிரண்டு.* வேலைக்கு அழைக்கப்பட ஆறு கேள்வி குறைந்தது.

* இந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது. கோபமும் அப்போதுதான் வந்தது.

4

அவள் அம்மா சென்னம்மா பாகலூர்ப் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜா செட்டில் பூ வெட்டப் போகிறவர். கையுறை போட்டால் வேகம் வராது என்று கழற்றி வைத்துவிடுவார். விரல் நுனிகளில் முள் குத்தாத இடம் இல்லை. "நீ ஆபீசு வேலைக்குப் போற அன்னிக்கு நான் செட்டுக்குப் போறத நிறுத்திடறன்" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரூபாவின் கம்பெனி வேலையோ காண்ட்ராக்ட். வருகிற டிசம்பரோடு முடிகிறது.

"எத்தினி கேள்வி கொறைஞ்சிது?"

"ஆறும்மா."

"அறுவத்தொண்ணு தெரியலன்னு எழுதி வெச்சியாமே. குருட்டாம்போக்குல எதையாவது போட்டிருந்தா அதுல ஆறு வந்திருக்காதா?"

வந்திருக்கும், பதினைந்துகூட வந்திருக்கும் என்று ரூபாவுக்குத் தெரியும்.

"நல்ல புள்ளைய பெத்தன்" என்றார் சென்னம்மா. திட்டுகிறாரா, பெருமைப்படுகிறாரா என்று ரூபாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை, அதனால் அந்த வரியை அப்படியே விட்டிருக்கிறேன்.

5

மறுபடி எழுதுவது என்று முடிவானது. எப்படி முடிவானது என்பதற்கு ஒரு உருக்கமான காட்சி எழுதி, கிழித்துவிட்டேன். உண்மையில் ரூபா ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்தாள். வேறெதுவும் நடக்கவில்லை.

தெரியாத அறுபத்தொன்றையும் ஒரு நோட்டில் எழுதினாள். தினம் இரண்டு. கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. மூன்று மாதத்தில் மாதிரித் தேர்வில் ஐந்தாவது வட்டங்கள் நாற்பதாயின, பிறகு இருபத்தாறு. அதற்குக் கீழே இறங்க மறுத்தன. எவ்வளவு படித்தாலும் தெரியாதது என்று கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும்.

மிஞ்சியதைப் பார்த்துக்கொள்ள அனுப்ரியா வந்தாள். பக்கத்து மேசைக்காரி. போனில் சிரித்தது அவள்தான். [அப்படித்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.] ரூபாவைவிடக் குறைவாகத் தெரிந்தவள், ஒன்றுவிடாமல் நிரப்பித் தேர்வாகிவிட்டாள். பணி ஆணைக்காகக் காத்திருக்கிறாள்.

"அந்த அஞ்சாவது வட்டத்த சும்மா வெச்சிருக்காங்கடி. தெரியாதது எல்லாத்துக்கும் சி போடு. கண்ண மூடிக்கிட்டுப் போடு."

"சி-ன்னு எப்பிடிடி தெரியும்?"

"தெரியாதுடி. அதான் போடச் சொல்றன்!"

ரூபாவின் பேனா மூன்றாவது வட்டத்துக்கு மேல் போய் நின்றது. முதல் ஞாயிறு மாதிரித் தேர்வில் கை ஓடவில்லை. இரண்டாவது ஞாயிறு நான்கு கேள்விக்குப் போட்டாள். நான்காவது ஞாயிறு இருபத்தாறுக்கும் போட்டுவிட்டாள். அனுப்ரியா அவளுக்கு ஒரு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுத்தாள்.

6

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், ரூபாவின் கை ஒரு பிஸ்டனை எடுத்தது. விளிம்பில் மயிரிழைக் கீறல். ஒரு நொடி நின்றது. பிறகு பச்சையில் போட்டது.

அடுத்த பீஸை எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டிரேயைப் பார்த்தாள். அதற்குள் சூப்பர்வைசர் திருமலை டிரேயை எடுத்து மற்ற பச்சை டிரேக்களோடு பெட்டியில் கொட்டியிருந்தார். இருநூற்று நாற்பது பிஸ்டன்கள், எல்லாம் ஒரே முகம். ரூபா எழுந்து போய்ப் பெட்டியை மேசையில் கவிழ்த்தாள்.

"ஏம்மா ரூபா, வெளிய வண்டி நிக்குதும்மா. எதுக்கு மறுபடி கொட்டற?"

"ஒண்ணு தப்பாப் போட்டுட்டன் சார்."

"தப்பான பீசா?"

"தெரியல சார். தெரியாமயே பச்சையில போட்டுட்டன்."

[திருமலையை முதல் வரைவில் வில்லனாக்கியிருந்தேன். கத்துவார், மிரட்டுவார். படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது. பதினெட்டு வருடமாகப் பிரேக் செய்கிறவர் அப்படிக் கத்தமாட்டார்.] அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "பாதிய இந்தப் பக்கம் தள்ளு" என்றார்.

சாப்பாட்டு நேரம் போயிற்று. நூற்றுத் தொண்ணூறு பீஸ் தாண்டிய பிறகு அது கிடைத்தது. ரூபா அதை மாடிக்கு எடுத்துப் போனாள்.

மெஷின் அளந்து சொன்னது: நல்ல பீஸ். கீறல் மேலோட்டமானது, அளவு துல்லியம்.

இங்கே நான் இரண்டு நாள் நின்றுவிட்டேன். கெட்ட பீஸ் என்று எழுதியிருந்தால் கதை சுலபமாக முடிந்திருக்கும், நீதியும் கிடைத்திருக்கும். ஆனால் பெரும்பாலும் நல்ல பீஸாகத்தான் இருக்கும். கை பழகிப்போவது அதனால்தான்.

"பாத்தியா, நீ குருட்டாம்போக்குல போட்டது சரிதான்!" என்றாள் அனுப்ரியா.

"அதாண்டி பயமா இருக்குது" என்றாள் ரூபா.

7

கேள்வித்தாள் பிரேக் இல்லை, ரூபா. ஒரு மன்னன் எந்த ஆண்டு பட்டம் ஏறினான் என்று குத்துமதிப்பாகச் சொன்னால் யாரும் வண்டியிலிருந்து விழமாட்டார்கள். மேசையில் ஒரு கை, பரீட்சையில் ஒரு கை என்று வைத்துக்கொள்ளக் கூடாதா? உன் அம்மாவின் விரல்களைப் பார்.

இதை அவளிடம் சொல்ல ஒரு பாத்திரம் தேடினேன். யாரும் பொருந்தவில்லை. நானே சொல்லிவிட்டேன். சொல்லும் தகுதி* எனக்கு உண்டு.

* நானும் குரூப் 4 எழுதியவன்தான். என் காலத்தில் ஐந்தாவது வட்டம் கிடையாது. இருந்திருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். கடைசி இருபத்திரண்டு கேள்விக்கு வரிசையாக சி போட்டேன். ஆறு சரியாக வந்தது. நான்கு கேள்வி வித்தியாசத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது. அந்தச் சம்பளத்தில்தான் தங்கைக்குக் கல்யாணம் செய்தேன், அதற்காக வெட்கப்படவில்லை. வெட்கம் வேறொன்றுக்கு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம் சரஸ்வதி என்ற பெண்ணின் உதவித்தொகை மனு என் மேசைக்கு வந்தது. எந்த விதியில் சேர்ப்பது என்று தெரியவில்லை. மேலே கேட்டிருக்கலாம். 'தெரியவில்லை' என்று எழுதக் கை வரவில்லை. ஒன்றில் சேர்த்தேன். அது தப்பு. அந்த அம்மா ஏழு மாதம் அலைந்தார். ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அடிக்குறிப்பு நீண்டுவிட்டது. உண்மையில் கதையே அதுதானோ என்று சந்தேகமாக இருக்கிறது.

8

இரண்டாவது முறை. ஓசூரில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்பதரைக்குத் தொடங்கிய தேர்வு பன்னிரண்டரைக்கு முடியும். சென்னம்மா செட்டுக்கு லீவு சொல்லிவிட்டு, கேட்டுக்கு வெளியே புங்க மர நிழலில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே ரூபா தெரிந்ததையெல்லாம் நிரப்பிவிட்டாள். பத்தொன்பது கேள்விகள் மிச்சம். இன்னும் பத்து நிமிடம்.

ஏ) பத்தொன்பதுக்கும் சி போடுகிறாள். வேலை கிடைக்கிறது. சென்னம்மா பூ வெட்டுவதை நிறுத்துகிறார். ஒரு நாள் ரூபாவின் மேசைக்கு ஒரு மனு வருகிறது.

பி) பத்தொன்பதுக்கும் ஐந்தாவது வட்டம். அப்படியும் தேர்வாகிவிடுகிறாள். (வாசகரைத் தட்டிக்கொடுத்து அனுப்பும் வேலை. அடித்துவிடலாம்.)

சி) பத்தொன்பதுக்கும் ஐந்தாவது வட்டம். இரண்டு கேள்வியில் போகிறது. கதைக்கு இதுதான் நல்லது. கதைக்கு நல்லது என்பதற்காகச் சென்னம்மாவின் விரலில் இன்னொரு முள்ளைக் குத்த எனக்கு மனம் வரவில்லை.

டி) ஒன்பதுக்கு அப்படி, பத்துக்கு இப்படி, என்று—

நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். சி-யின் மேல் பேனா தானாகப் போய் நின்றது, பழைய பழக்கம். எடுத்துவிட்டேன். அவள் எதைச் செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் மேசையில் இப்படி எழுத எனக்குப் பதினாறு வருடம் ஆகியிருக்கிறது: தெரியவில்லை.

என் வட்டத்தை நான் நிரப்பிவிட்டேன். அவளுடைய பத்தொன்பதும் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன. மணி பன்னிரண்டு இருபது. வெளியே சென்னம்மா தூக்கைத் திறந்து, சோறு இன்னும் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார். பேனாவை உங்களிடம் தருகிறேன். தெரிந்தால் நிரப்புங்கள்.