தங்காயிக்கு வாங்கிய கீரை

தங்காயிக்கு இதயத்தில் வால்வு மாற்றியபோது, நெஞ்சை முழுக்கப் பிளக்காமல் சின்னதாகத் திறந்தே மாற்றினார்கள். தையல் நாலு விரல்கடைகூட இல்லாததைப் பார்த்து, இனி ரத்தம் ஊறினால் போதும் என்று புருஷன் குப்பண்ணன் முடிவுகட்டிவிட்டான். கட்டட வேலை முடிந்ததும் மைசூரு தேவராஜா மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டுதான் தினமும் வீடு திரும்பினான். அவளும் ஒரு இணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றாள்.

ஒரு நாள் காலையில் மூச்சு முட்டிச் சுவரில் சாய்ந்தாள். மார்பில் கடிகாரம்போலக் கேட்டுக்கொண்டிருந்த வால்வின் சத்தம் அமுங்கிப்போயிருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான்.

“வால்வுல ரத்தம் கட்டியிருக்கு. உறையாம இருக்க நாங்க குடுத்த மாத்திரையைக் கீரை முறிச்சிருச்சு,” என்றார் டாக்டர்.

ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைச் சொட்டுச்சொட்டாக ஏற்றினார்கள். மறுநாள் அந்த டிக் டிக் மறுபடியும் தெளிவாகக் கேட்டது. குப்பண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

“நானே உன்னைக் கொல்லப் பாத்துட்டேனே, புள்ள.”

“கீரை ஆகாதுன்னு டாக்டரு அப்பவே எங்கிட்ட சொன்னாருங்க,” என்றாள் தங்காயி.

“அப்புறம் ஏன் தின்னே?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “கட்டிட்டு வந்ததுலேருந்து, எனக்குன்னு நீங்க வாங்கிட்டு வந்தது அதொண்ணுதானுங்க.”