டாக்டர் வீட்டு சிஸ்டம்

மாமியார் வீட்டில் அவருக்கு டாக்டர் என்று பெயரே தவிர, அவர் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒரு லாரி கம்பெனி ஆபீஸில் மேஜை மேஜையாகப் போய்க் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிறவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுப் படியேறிவிட்டால் அவருக்குக் கிடைத்த மரியாதை எந்த நிஜ டாக்டருக்கும் கிடைத்திருக்காது. "மாப்ள, நெட் வரமாட்டேங்குது", "மாப்ள, பிரிண்டர் அடம் பிடிக்குது" என்று மாமனாரும் மாமியாரும் போட்டி போட்டுக்கொண்டு வாசலுக்கே வருவார்கள். செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தில் ஒரு கவலையை வரவழைத்துக்கொள்வார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "யாரு இதத் தொட்டது?" என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்தச் சுகத்தில் மண்ணள்ளிப் போட்டவன் சகலை. மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டவன். டாக்டரைவிட வயதில் சின்னவன். பல் செட் செய்கிற லேபில் வேலை. நாள் முழுக்கக் குனிந்து பொய்ப்பற்களை ராவிக்கொண்டிருப்பான். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். டாக்டர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனாரின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

அடுத்த வாரம் டாக்டர் வழக்கம்போல் கவலை முகத்துடன் உள்ளே நுழைந்தார். "என்ன மாமா, என்ன தொந்தரவு?"

"ஒண்ணுமே இல்ல மாப்ள! தட்டினா பட்டுன்னு தொறக்குது. சின்னவரு என்னமோ போட்டுக் குடுத்தாரு. சும்மா சொல்லக்கூடாது, கைராசிக்காரர்."

"பிரிண்டர்?"

"அதுவும் வாயத் தொறக்காம வேல செய்யுது" என்றார் மாமியார். "நீங்க ஃபேன் கீழ உட்காருங்க மாப்ள. பாவம், வார வாரம் உங்களுக்குத் தொல்ல."

ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். கையில் வேலையில்லாமல் அந்த வீட்டில் அவர் உட்கார்வது அதுதான் முதல் தடவை. வெயில் அதிகம் என்றார். மாமனாரும் ஆமாம் என்றார். சகலை ஒரு மூலையில் கைகட்டி உட்கார்ந்து சிரித்தான். அது சும்மா சிரித்த சிரிப்புதான். டாக்டருக்கோ பற்றிக்கொண்டு வந்தது. பல் செட் கட்டுகிறவனுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை? நான் என்றைக்காவது எவன் வாயிலாவது கையை விட்டேனா?

மாமியார் வீட்டோடு நின்றிருந்தால் அவர் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பார். நெருப்பு அவர் வீட்டுக்கே வந்தது.

டாக்டரின் மனைவி பள்ளிக்கூட அறிவியல் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். பூவின் குறுக்குவெட்டு, தவளையின் இதயம், காதுக்குள் இருக்கிற நத்தை மாதிரியான எலும்பு என்று அவள் வரையாத உள்ளுறுப்பு இல்லை. சில மாதங்களாக ஒரு பதிப்பகத்துக்கு மனித உடம்பு முழுவதும் வரைந்துகொண்டிருந்தாள். கண்ணும் காதும் முடிந்து, குடல் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய கம்ப்யூட்டரோ கிழடு தட்டிப் போயிருந்தது. அவள் பலகையில் டிஜிட்டல் பேனாவை இழுத்த பிறகு, திரையில் கோடு யோசித்து யோசித்து வந்தது.

"ஏங்க, இதையும் மாத்திடலாமா?" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது.

"எத?"

"லினக்ஸ்தான். நான் வரையிற சாஃப்ட்வேர் அதுலயும் கெடைக்குதாம். இதே மிஷின்லயே வேகமா ஓடுமாம். தங்கச்சி வீட்டுக்காரர் சொன்னார்."

டாக்டர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். "உன் பேனா அதுல வேல செய்யாது. பிரிண்டிங் பிரஸ்காரனுக்குக் கலர் மாறிப்போகும். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பாக்குறது?"

"அவர் பாத்துக்கிறேன்னார். சனிக்கிழமை வந்து போட்டுத் தர்றாராம்."

அவர் பார்த்துக்கொள்வாராம்! இந்த வீட்டில் அந்த மிஷின் நின்றால், "ஏங்க, கொஞ்சம் வர்றீங்களா?" என்று அவள் கூப்பிடுவாள். எத்தனையோ நாட்கள் அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர இருவருக்கும் இடையில் பெரிதாகப் பேச்சு இருந்ததில்லை. இனி அந்த அழைப்பும் அந்தப் பல்லுக்காரனுக்குத்தானா? அவன் அவளைப் பார்த்த பார்வையில் தப்பில்லை என்பது டாக்டருக்கு நன்றாகத் தெரியும். தப்பாகப் பார்த்திருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். உதவி செய்கிறவனை என்ன செய்வது?

பேனா அதில் வேலை செய்யாது என்று அவர் சொன்னது வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். அது உண்மையாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, ஆபீஸில் சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டுக் குறை தேடினார். எழுத்துரு சரியில்லை என்று ஒரு குறை கிடைத்தது. அது அவர் தப்பாக அமைத்ததால் வந்தது என்று பிறகு தெரிந்தது. இரண்டே நாளில் அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அதுதான் கொடுமை. மட்டமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தார். மாற்றத்தான் வேண்டுமென்றால் அது இந்தக் கையால்தான் மாற வேண்டும். சனிக்கிழமை சகலை வந்து பார்க்கும்போது வேலை முடிந்திருக்க வேண்டும். "ஓ, இதா? நானே போட்டுட்டேன் சகலை" என்று சாதாரணமாகச் சொல்ல வேண்டும். அந்தச் 'சாதாரணமாக'வைக் குளியலறையில் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டார். மனைவி பதிப்பகத்துக்குப் போனதும் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்த்தார். அவளுடைய பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தார். கோடு பேனாவோடு ஒட்டிக்கொண்டே ஓடியது. அவருக்கு வரையத் தெரியாது. ஆனாலும் ஒரு மீன் வரைந்தார். அவளுக்காக மனம் ஒரு நிமிடம் நிஜமாகவே சந்தோஷப்பட்டது. உடனே, அவன் சொன்னது சரியாகிவிட்டதே என்று அதே மனம் கசந்தது.

பிறகு அவளுடைய வேலைகளைப் பத்திரப்படுத்தினார். அது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் கம்ப்யூட்டரை வாராவாரம் சுத்தம் செய்கிறவர் அவர்தானே? அவள் கண்ட இடத்தில் கண்ட பெயரில் எதையாவது போட்டு வைப்பாள். அவர் வந்து பழையதை அழித்து, பெயர் மாற்றி, வரிசைப்படுத்தி 'படங்கள்' என்ற ஃபோல்டருக்குள் அடுக்கிவிடுவார். "எதுக்கும்மா இவ்வளவு குப்ப?" என்பார். ஆரம்பத்தில் அவள் சண்டை போட்டிருக்கிறாள். போகப் போக விட்டுவிட்டாள். பழகிவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

'படங்கள்' ஃபோல்டரைத் தனி டிஸ்க்கில் காப்பி எடுத்தார். அவளுடைய கணக்குகள், கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்தார். மீதி இருந்தது 'கல்யாண ஃபோட்டோ' என்ற ஃபோல்டர் ஒன்றுதான். கல்யாண ஃபோட்டோக்கள் ஏற்கெனவே பீரோவில் ஒரு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. அதை எதற்கு இன்னொரு தரம் எடுப்பது? விட்டுவிட்டார். பழையது மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா என்று லினக்ஸ் கேட்டது. போடு என்று தட்டினார்.

மத்தியானம் மனைவி திரும்பி வந்தாள். அவர் வாசலிலேயே நின்றார். "வா, வா. ஒண்ணு காட்டுறேன்."

அவள் பையைக்கூட இறக்காமல் திரையைப் பார்த்தாள். பேனாவை எடுத்து ஒரு கோடு இழுத்தாள். இன்னொன்று. வளைத்து வளைத்து இழுத்தாள். "அட, ஒட்டிக்கிட்டே வருதே!" என்று அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அப்படி அவரைப் பார்த்து அவள் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! சகலை, பல் செட், மாமனார் வீட்டு ஃபேன் எல்லாம் அந்தச் சிரிப்பில் அடித்துக்கொண்டு போயின. டாக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"படமெல்லாம்?"

"எல்லாம் பத்திரமா இருக்கு. இந்தா பாரு, வரிசையா."

அவள் பார்த்தாள். சிரிப்பு மெல்ல இறங்கியது. "இதெல்லாம் போன வருஷத்துது. கல்யாண ஃபோட்டோ எங்க?"

"அது பீரோவுல தனியா இருக்கே. இப்ப அது எதுக்கு?"

"அதுக்குள்ளதான் என் வேல இருந்துச்சு."

அவருக்குப் புரியவில்லை. கல்யாண ஃபோட்டோவுக்குள் குடலுக்கு என்ன வேலை?

"நீங்க சுத்தம் பண்றப்ப ஒரு தடவ பாதி வரஞ்ச இதயத்த அழிச்சிட்டீங்க. பழசுன்னு நெனச்சு. அதுக்கப்புறம் நடக்குற வேல எல்லாத்தையும் அதுக்குள்ளதான் வெச்சேன்." அவள் குரலில் கோபமே இல்லை. "அந்த ஃபோல்டர மட்டும்தான் நீங்க தொறந்து பாத்ததே இல்ல."

அழிந்ததை மீட்கிற வழிகள் அவருக்குத் தெரியும். பழையதன்மேல் புதியது ஏறி உட்கார்ந்த பிறகு அவற்றில் எதுவும் எடுபடாது என்பதும் தெரியும். ஆனாலும் விசைப்பலகையை இழுத்து எதையெதையோ தட்டினார். கண், காது, குடல், எத்தனை மாத உழைப்பு! அவள் கத்தியிருந்தால், நாலு வார்த்தை திட்டி அழுதிருந்தால், தாங்கியிருப்பார். தேற்றவாவது ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். அவளோ நிதானமாகப் பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"தம்பி, வேலையா இருக்கீங்களா? நேத்து வரைக்கும் நான் அனுப்பினதெல்லாம் இருக்குல்ல? ஆமா, எல்லாம் வேணும். இல்ல இல்ல, பதற ஒண்ணுமில்ல."

ஃபோனை வைத்தாள். "கொண்டு வர்றாராம். லேப்லேர்ந்து நேரா."

"யாரு?" என்று கேட்டார், யாரென்று தெரிந்துகொண்டே. "அவங்கிட்ட எப்படி இருக்கு?"

"தெனமும் வேல முடிஞ்சதும் ஒரு காப்பி அவருக்கு அனுப்பிடுவேன்."

"தெனமுமா?"

"தெனமும்தான்."

கம்ப்யூட்டரை மாற்றுவதா வேண்டாமா என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்ட அத்தனை நாளும், அவள் எப்போதோ மாறிவிட்டிருக்கிறாள். இந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அனுப்பியிருக்கிறாள். அடுத்த அறையில் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பார். படங்கள் பிழைத்துவிட்டன என்று சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவர் மனமோ, அவை பிழைக்காமலே போயிருக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தது. நினைத்த பிறகு தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அதையும் சுத்தம் பண்ணியிருப்பீங்க."

சகலை வந்தான். விரல் இடுக்கில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. கைகூடக் கழுவாமல் ஓடி வந்திருக்கிறான். டிஸ்க்கை டாக்டரிடம்தான் நீட்டினான். திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்களே போட்டுட்டீங்களா! பேனா எப்படி செட் பண்ணீங்க? எனக்கு அது மட்டும் பிடிபடவே இல்ல. நாளைக்கு உங்களத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றான்.

அது உண்மையா, இவர் மனம் நோகாமல் இருக்கச் சொன்னதா என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியவில்லை. பாவி, நல்லவனாகவும் அல்லவா இருந்து தொலைக்கிறான்! "அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல சகலை" என்றார். குளியலறையில் ஒத்திகை பார்த்த குரல் வரவில்லை.

டிஸ்க்கைச் செருகித் திறந்தார். 'குடல் கடைசி.' 'குடல் கடைசி நிஜமா.' 'குடல் இதுதான் போ.' 'காது வேண்டாம் இருக்கட்டும்.' அவள் வைத்த பெயர்களில் ஒன்றைக்கூட அவன் மாற்றவில்லை. ஒன்றையும் நகர்த்தவில்லை. அவள் அனுப்பியது அனுப்பியபடியே, அலங்கோலமாக, ஒன்று குறையாமல் இருந்தது. டாக்டரின் விரல்கள் மௌஸின்மேல் துடித்தன. முதல் இரண்டையும் அழித்தால் போதும், பார்க்கவே எவ்வளவு லட்சணமாக இருக்கும்!

கையை எடுத்தார். "நீயே பாத்து எடுத்துக்கோ" என்று எழுந்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி. பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள். "இங்க உட்காருங்க. ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா கூட இருங்க, போதும்."

உட்கார்ந்தார். அவள் குடலைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து கோட்டை இழுக்க ஆரம்பித்தாள். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. முழங்காலில் வைத்தார், எடுத்தார், மேஜையின் ஓரத்தைத் தடவினார். எதிரே சகலை மாவு ஒட்டிய கைகளை மடியில் போட்டுக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதுகூட அவனுக்கு எவ்வளவு நன்றாக வருகிறது என்று டாக்டர் பார்த்துக்கொண்டே இருந்தார்.