இரட்டிப்பு பில்

கட்டடச் சாமான் கடையில் மூத்த மருமகளுக்கென்று ஓர் உயரமான நாற்காலி உண்டு. புதுச் சரக்குக்கு விலை எழுதி ஒட்டுவது பன்னிரண்டு வருஷமாக அவள் வேலை. சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரி மையைக்கூட மிச்சம் பிடிக்கிற ஆள்; பில்லில் தனித்தனி விலை போடாமல் மொத்தத் தொகையை மட்டும் எழுதுவான். அதிலிருந்து மருமகள் எப்படித்தான் விலையைப் பிரிக்கிறாளோ என்று மாமனார் வாயைப் பிளப்பார். அவள் பின்கட்டுக்குப் போய் அந்த வியாபாரிக்கே போன் போடுவது அவருக்குத் தெரியாது.

இளைய மருமகள் வந்த மூன்றாம் வாரம் வந்தது வினை. மூன்று குழாயும் இரண்டு பூட்டும் அறுநூற்றுப் பத்து என்றது ஒரு பில். இரண்டு குழாயும் இரண்டு பூட்டும் நானூற்று அறுபது என்றது இன்னொன்று.

"இதுல அதக் கழிச்சா ஒரு குழாய் நூத்தம்பது, மாமா. அப்ப பூட்டு எண்பது" என்றாள் சின்னவள், பென்சிலைக் கீழே வைக்காமலே.

நாற்காலியை இவளுக்கே கொடுத்துவிடலாமா என்று மாமனார் யோசிக்க ஆரம்பித்தார். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

வந்து குவிந்திருந்த பில்களைக் குடைந்து இரண்டைப் பொறுக்கினாள். இரண்டு கீலும் மூன்று தாழ்ப்பாளும் நூற்றுத் தொண்ணூறு. நான்கு கீலும் ஆறு தாழ்ப்பாளும் முந்நூற்று எண்பது. விலையைப் போனில் கேட்டு வைத்துக்கொண்டு, மாமனார் முன்னாலேயே சின்னவளிடம் நீட்டினாள்.

சின்னவள் கழித்தாள், பெருக்கினாள், உதட்டைக் கடித்தாள். முடியாது என்றாள்.

மூத்தவள் விரல் விட்டு எண்ணுவதாகப் பாவனை செய்து, "கீல் இருபது, தாழ்ப்பாள் அம்பது" என்றாள். மாமனார் கூட்டிப் பார்த்தார், சரியாக வந்தது. அனுபவம் அனுபவந்தான் என்று சொல்லி நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போனார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சின்னவள் பக்கத்தில் வந்தாள். "அக்கா, ரெண்டாவது பில் மொதல் பில்லோட ரெட்டிப்பு. இத வச்சு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. கீல் அஞ்சு, தாழ்ப்பாள் அறுபதுன்னாலும் கணக்கு சரியாத்தான் வரும்." குரலைத் தாழ்த்தினாள். "போன்ல கேட்டீங்களா?"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். மூத்தவள் இரண்டு பில்லையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாமாகிட்ட சொல்ல மாட்டேங்க்கா" என்றாள் சின்னவள். பசையையும் விலைச்சீட்டுகளையும் எடுத்துவந்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.

போட்டுக் கொடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இப்போது அந்த நாற்காலி சின்னவள் போட்ட பிச்சை. மூத்தவள் அதில் ஏறி உட்கார்ந்து, கீலுக்கு இருபது என்று எழுதினாள்.