பெனியாமினா போர்த்திய பாய்

வக்கீல் லோசாவின் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ. மகனைக் கொலைக் கேஸில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதாகப் பெரியவர் பெனியாமினா போனில் அழுதபோது, மகனை ஒரு வார்த்தை விசாரிக்காமலே சொல்லிவிட்டாள்.

"பக்கத்து ஊர்ல செத்த பையன் வீட்டு வாசல்ல பாயைப் போத்திக்கிட்டுப் போய் உக்காந்துடுங்க. அவங்க மன்னிச்சுட்டா நீதிபதி பாதியாக் குறைச்சுடுவாரு."

அவரும் போனார். தீவில் மன்னிப்புக் கேட்கும் வழக்கப்படி, தலைமுறையாய்க் காத்துவந்த குடும்பத்தின் விலைமதிப்பில்லாத பாயைத் தலையோடு போர்த்தி, வாய் திறக்காமல் குனிந்திருந்தார். செத்தவன் வீட்டார் கல்லெறிந்திருக்கலாம், கத்தியைத் தூக்கியிருக்கலாம். வெயில் ஏறியபின் செத்தவனின் தாயே வந்து, மன்னித்ததற்கு அடையாளமாகப் பாயை விலக்கினாள். இரண்டு ஊரும் கட்டிக்கொண்டு அழுதன.

மூன்றாம் நாள்தான் லோசா தலைநகர் அபியாவிலிருந்து சிறைக்குப் போனாள். பெனியாமினாவின் மகன் பெலெனாட்டோ தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"நான் அங்க இல்லவே இல்லக்கா."

"இத ஏண்டா முதல்லயே சொல்லல?"

"யாரு கேட்டா? அப்பா போய்க் குனிஞ்சப்புறந்தானே எல்லாரும் என்னைப் பாக்கவே வந்தீங்க."

வழக்கை நடத்தலாம், சாட்சி தேடலாம் என்று லோசா கெஞ்சினாள்.

"இப்ப இல்லன்னு சொன்னா அப்பா குனிஞ்சது பொய்யாயிடும். அந்த ஊர்க்காரங்க என் தம்பிங்கள உயிரோட விடுவாங்களா? குத்தத்த ஒத்துக்கறேன். அப்பாவுக்கு மட்டும் இது தெரியவே கூடாது."

குற்றத்தை ஒத்துக்கொள்வதாக அவளிடம் எழுதிக் கையெழுத்தும் போட்டான். கட்சிக்காரன் சொன்னதை வெளியே விடக் கூடாது என்ற சட்டம், படிக்கிற காலத்தில் அவளுக்கு எத்தனை பெருமையாக இருந்தது. இப்போது துணி துவைக்கும்போதும், தேவாலயத்தில் பாடும்போதும் அவன் குரல் காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

நீதிபதி பெனியாமினாவின் பணிவை வாயாரப் புகழ்ந்து, எட்டு வருடத்தை நாலாக்கினார். செத்தவனின் தாய் லோசாவை அணைத்து முத்தமிட்டாள். லோசாவுக்கு உடம்பு கூசியது.

வராந்தாவில் பெனியாமினா அவளை நிறுத்தினார்.

"வக்கீலம்மா, பாய்க்குள்ள இருந்தப்ப ஒரு நெனப்பு. எம்புள்ளகிட்ட நான் ஒரு வார்த்த கேக்கவே இல்லையேன்னு. அப்புறம் ஜெயில்ல கேட்டேன். ஆமாப்பான்னான், ஆனா மூஞ்சியப் பாக்கல. நீங்க சொல்லுங்க, அவன்தானே செஞ்சான்?"

பதில் சொல்லாமல் நகர்ந்தாலே அவருக்குப் புரிந்துவிடும். லோசா தலையை நிமிர்த்தி, அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"ஆமாங்க, அவன்தான்."

பெரியவர் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார். மகன் கொலைகாரன்தான் என்று தெரிந்ததில் அவருக்கு அப்படி ஒரு நிம்மதி.